அரைத்த மாவா, வறுத்த ரவையா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்கு பஸ். ஏழரைக்குக் கிளம்பணும். அதனால் காலை டிபனுக்கு ஞாயிற்றுக்கிழமையே வழி செய்துவிடுவேன்.

இட்லி மாவென்றால் 4 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் உளுந்து, கொஞ்சம் வெந்தயம். நம்மூர் புழுக்கத்தில் சித்திரை மாதம் 6 மணி நேரத்திலேயே பொங்கி மூடியைத் தள்ளும். மார்கழியில் விடிந்தாலும் அசையாது. பொங்கியதைக் கலக்காமல் இரண்டு டப்பாவாகப் பிரித்து ஃப்ரிட்ஜில் வைப்பேன். ஒன்றைத் திறந்தாலும் மற்றது சீக்கிரம் புளிக்காது. திங்கள், செவ்வாய் இட்லி, புதன் தோசை, வியாழன் புளிப்பு ஏறியதும் வெங்காய ஊத்தப்பம். சட்னிதான் தொல்லை. எங்கள் வீட்டில் மிளகாய்ப்பொடி டப்பா நிறைந்து நான் பார்த்ததில்லை!

ரவைக்கு அந்த வேலையில்லை. கடுகு, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, அதிலேயே மணம் வர வறுத்து, ஆறவைத்து டப்பாவில் போட்டால் போதும். காலையில் 1 டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், 10 நிமிடத்தில் உப்புமா. கறிவேப்பிலை மட்டும் நொறுங்கும் பதத்துக்கு வரணும். ஒருமுறை ஈரத்தோடு மூடி, டப்பாவையே கொட்டினேன்.

ருசிக்கு மாவுதான், சந்தேகமே இல்லை. ஆனால் ஐப்பசி பிறந்தால் ரவைக்கு மாறிவிடுவேன். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து கடலூரே நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததே, கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜில் மாவு என்ன ஆகும்?