நகச்சொத்தை என்று சொல்லி லேசர் விற்கும் கிளினிக்குகள்: குமரி மாவட்டத்தாருக்கு ஓர் எச்சரிக்கை

நகம் தடித்து, மஞ்சளாகி, நுனி பொடிந்து உதிரத் தொடங்கினால் அதைக் காளான் (பூஞ்சை) தொற்று என்று பார்த்த மாத்திரத்தில் முடிவுகட்டி, ஒரு பரிசோதனையும் செய்யாமல் லேசர் சிகிச்சைக்கு முன்பணம் வாங்கிக்கொண்ட ஒரு கிளினிக்கில் நான் 28,000 ரூபாய் இழந்தேன். பணத்தைவிடப் பெரிய இழப்பு, உண்மையான நோய்க்கு மருந்து தொடங்க வேண்டிய மாதங்கள் வீணானது. புகார் நிலுவையில் இருப்பதால் கிளினிக்கின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும், இதே முறையில் நடக்கும் இடத்தை அடையாளம் காண்பதற்குக் கீழே உள்ளவை போதும்.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் ரப்பர் பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து ஷீட் அடிப்பது என் தொழில். இரண்டு கைகளிலும் சில விரல்களின் நகங்கள் நுனியிலிருந்து தூக்கிக்கொண்டு நிற்க, வலது கால் பெருவிரல் நகத்தின் அடியில் மாவு போலப் பொடி சேர்ந்திருந்தது. கிளினிக்கில் வெள்ளை மேலங்கி அணிந்திருந்தவர் என் கையைச் சில நொடிகள் புரட்டிப் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று மட்டும் கேட்டார். சொன்னதும், "எப்போதும் ஆசிட்டிலும் தண்ணீரிலும் கை கிடந்தால் காளான் வராமல் என்ன வரும் சார்? ஒரே மாதத்தில் புது நகம் பார்க்கலாம்" என்றார். தொழிலைக் கேட்டதுமே நோயை முடிவுசெய்யும் இந்த உத்தி நம் மாவட்டத்தில் நன்றாகவே எடுபடும். மீன் வெட்டுபவர்கள், முந்திரி ஆலையில் தோடு உடைப்பவர்கள், கயிறு திரிப்பவர்கள் என்று ஈரத்திலும் அரிப்பிலும் கை வைத்துப் பிழைப்பவர்கள் இங்கே ஏராளம். யாரிடம் சொன்னாலும் பொருத்தமாகத்தான் தோன்றும்.

அந்த ஒரு மாதக் கணக்கே முதல் பொய். கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். கால் நகம் அதில் பாதி வேகத்தில் வளரும். கைநகம் முழுவதும் மாறி வர சுமார் 6 மாதமும், கால் பெருவிரல் நகம் மாற 12 முதல் 18 மாதமும் ஆகும். எந்த மருந்தும், எந்தக் கருவியும் இந்த வேகத்தைப் பன்மடங்காக்கிவிடாது. மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அமைப்புகூட இந்த லேசர் கருவிகளுக்கு வழங்கிய அனுமதி, பூஞ்சை பாதித்த நகத்தின் தெளிவைத் தற்காலிகமாகக் கூட்டுவதற்கு மட்டுமே. நோயைக் குணமாக்கும் என்பதற்கு அல்ல.

ஒவ்வொரு முறையும் லேசருக்கு முன்னதாக மோட்டார் வைத்த அரத்தால் நகத்தைத் தேய்த்து மெலிதாக்கினார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரின் நகத்தூள் மேசையில் வெள்ளையாகப் படிந்து கிடக்க, ஊழியர் அதைத் துணியால் ஒதுக்கிவிட்டு அதே அரமுனையை என் விரலில் வைத்தார். முனையை மாற்றச் சொன்னபோது, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாகிவிட்டது என்றார். மாத்திரைகள் பட்டையிலிருந்து பிரிக்கப்பட்டு, பெயரில்லாத காகித உறையில் வந்தன. பூஞ்சைக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் டெர்பினாஃபின் போன்ற மாத்திரையைக் கைநகத்திற்கு 6 வாரமும் கால்நகத்திற்கு 12 வாரமும் உட்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால், தொடங்குமுன் கல்லீரல் செயல்பாட்டைப் பரிசோதிப்பது வழக்கம். என்னிடம் ஒரு சொட்டு இரத்தம்கூட எடுக்கவில்லை; என்ன மாத்திரை என்பதையே சொல்லவில்லை.

நகங்கள் முன்பைவிட மோசமாகி, ஓரங்களில் வலியும் சேர்ந்த பிறகு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த பெண் மருத்துவர் நகத்தைப் பார்ப்பதற்கு முன்பே முழங்கையைத் திருப்பச் சொன்னார். காதின் பின்புறத்தையும் தலைமுடியை விலக்கி உச்சந்தலையையும் பார்த்தார். பொடுகு என்று வருடக்கணக்காக நான் எண்ணியிருந்தது அங்கே தடித்த செதிலாக இருந்தது. பிறகு ஒவ்வொரு நகத்தையும் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார்: தையல்காரரின் விரலுறையில் இருப்பதுபோலச் சிறு சிறு குழிகள். தூக்கிய நகத்தின் விளிம்பை ஒட்டி, எண்ணெய்த்துளி என்று மருத்துவர்கள் குறிப்பிடும் செம்மஞ்சள் திட்டும் இருந்தது. விரல்நுனி மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்தி, "காலையில் எழுந்ததும் விரல் மடங்க நேரமாகிறதா ஐயா?" என்று கேட்டார். ஆம், அரைமணி நேரத்திற்கு மேல் ஆகிறது. அதற்கும் நகத்திற்கும் தொடர்பு உண்டு என்று அதுவரை எவரும் என்னிடம் கேட்டதில்லை.

நோய் சொரியாசிஸ், அதாவது தோல் தடித்துச் செதில் செதிலாக உரியும், தொற்றாத நாட்பட்ட நோய். நகத்தில் வரும் சொரியாசிஸும் விரல்நுனி மூட்டுகளின் வீக்கமும் அடிக்கடி சேர்ந்தே வரும். கவனிக்காமல் விட்டால் மூட்டு நிலையாகச் சிதைந்துபோகலாம். அந்த நோயுள்ள இடத்தில் காயமோ உராய்வோ ஏற்பட்டால் அது இன்னும் கிளர்ந்தெழும் என்பதால், அரத்தால் தேய்த்ததே எனக்குத் தீங்காக முடிந்திருக்கிறது. சொரியாசிஸ் உள்ள நகத்தில் பூஞ்சையும் சேர்ந்து குடியேறலாம் என்பதால் மருத்துவர் அதையும் விடவில்லை. நகத்தின் நுனியை வெட்டி, அடியிலிருந்த பொடியைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரைய வைத்து நுண்ணோக்கியில் பார்க்க அனுப்பினார். செலவு குறைந்த, எளிய பரிசோதனை. பூஞ்சை இழை எதுவும் தென்படவில்லை. பூஞ்சை மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால் முடிவு தவறாக வரலாம் என்பதால், மருந்து தொடங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

உருக்குலைந்த நகங்களில் ஏறக்குறைய பாதிக்குத்தான் பூஞ்சை காரணம். அந்தக் கிளினிக்கிலோ எல்லா நகத்திற்கும் ஒரே பேக்கேஜ். அங்கே என்னோடு காத்திருந்த முதியவர் ஒருவரின் கட்டைவிரல் நகத்தில் மட்டும் கரும்பழுப்பு நிறப் பட்டை ஒன்று மேலிருந்து கீழாக ஓடியது; அதற்கும் லேசர்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். நம்மைப் போன்ற கருநிறத் தோலினருக்குப் பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்பது இயல்பே. ஆனால் ஒற்றை நகத்தில் புதிதாகத் தோன்றி, அகன்றுகொண்டே போய், நகத்தைச் சூழ்ந்த தோலிலும் கருமை பரவுகிற பட்டை மெலனோமா என்னும் புற்றுநோயாக இருக்கக்கூடும். பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் 1977இல் கண்டறியப்பட்டது இதுவே. 1981இல் 36 வயதில் அவர் இறந்தார். அடிபட்டுக் கட்டிய இரத்தம் நகம் வளர வளர முன்னோக்கி நகர்ந்துவிடும். நகராமல் நிற்கும் கருமையை மருத்துவரிடம் காட்டாமல் இருக்கக் கூடாது. அந்தப் பெரியவரை வெளியே அழைத்துவந்து ஆசாரிப்பள்ளத்திற்குப் போகச் சொன்னேன்.

ஈரத்தில் வேலை செய்பவர்களுக்கு நகக்கண் வீங்கி, நகத்திற்கும் தோலுக்கும் இடையிலுள்ள மெல்லிய தோல்விளிம்பு அழிந்துபோகும் நாட்பட்ட நகச்சுத்தி வரும். கையைக் காய வைத்து, பருத்தி உறைமேல் ரப்பர் உறை போடாவிட்டால் எந்தக் களிம்பும் நிற்காது. எலுமிச்சம்பழத்தைச் செருகி வைக்கும் நம் வீட்டு வைத்தியம் சீழ் கட்டிய விரலுக்குப் போதாது. சீழை மருத்துவர் கீறி வெளியேற்ற வேண்டும். தூக்கிய நகத்தினடியில் பச்சை நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா. குழிந்த கரண்டி நகத்திற்கு இரும்புச்சத்துக் குறைவைச் சோதிக்க வேண்டும். விரல்நுனி பருத்து நகம் உருண்டு வளைந்தால் நுரையீரலையும் இதயத்தையும் பார்க்க வேண்டும். இரு கைகளின் ஒரே விரல்நகங்களை முதுகோடு முதுகாக ஒட்டிப் பார்க்கையில் நடுவே சிறு இடைவெளி தெரிய வேண்டும், தெரியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். பிள்ளைகளின் நகத்திலுள்ள வெள்ளைப் புள்ளிக்குக் கால்சியம் டானிக் விற்பவர்களும் உண்டு. அது பெரும்பாலும் சிறு அடியின் தழும்பு. தானே வளர்ந்து போய்விடும்.

சர்க்கரை நோயாளிகள் கால் நகத்தை இத்தகைய இடங்களில் அரம் வைக்க விடவே கூடாது. உணர்ச்சி மரத்த காலில் பட்ட சிறு கீறல் புண்ணாகி, விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போகலாம்.

பலகையில் எழுதியிருக்கும் அழகுக்கலைச் சான்றிதழ்களை மருத்துவப் பட்டமாகக் கொள்ள வேண்டாம். எம்.பி.பி.எஸ்.-க்குப் பிறகு எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல். போன்ற தோல் நோய் மேற்படிப்பு படித்தவரே தோல் மருத்துவர். மருந்துச் சீட்டில் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும். எனக்குச் சீட்டே தரவில்லை. ரசீதில் "தோல் பராமரிப்புச் சேவை" என்றும், அடியில் பொடி எழுத்தில் பணம் திருப்பித் தரப்படாது என்றும் அச்சிட்டிருந்தார்கள். பணத்தைக் கேட்டபோது அந்த வரியைத்தான் விரலால் சுட்டிக்காட்டினார்கள்.

அந்த வரி நுகர்வோர் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்திற்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. நாகர்கோவிலிலுள்ள மாவட்ட ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். ரசீது, பணம் அனுப்பிய கைப்பேசிப் பதிவு, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த நகப் படங்கள், மீதமுள்ள மாத்திரைகளோடு அந்தக் காகித உறை ஆகியவற்றை நான் இணைத்திருக்கிறேன். இதேபோல ஏமாந்தவர்கள் ரசீதைத் தொலைத்திருந்தாலும் வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.