கடினமாக்கிய எஃகை வெட்ட: எமல்ஷனா, எம்க்யூஎல்லா, திரவ நைட்ரஜனா?

கோவையில் டை (உலோகத்துக்கு வடிவம் தரும் அச்சு) வேலை எடுத்துச் செய்யும் எங்கள் பட்டறையில், 50 ஹெச்ஆர்சிக்கு (ராக்வெல் கடினத்தன்மை அளவு) மேல் கடினமாக்கிய ஹெச்13 என்னும் டை எஃகை, சுழலும் பல் வெட்டியால் செதுக்கும் மில்லிங் இயந்திரங்களை, தண்ணீரில் எண்ணெய் கலந்த எமல்ஷன் கூலண்டிலிருந்து (வெட்டும்போது குளிர்விக்கும் திரவம்) மிகக் குறைந்த எண்ணெயை மட்டும் தெளிக்கும் எம்க்யூஎல் முறைக்கு மாற்றிவிட்டோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைப்பதற்கில்லை. எமல்ஷன் நிமிடத்துக்குப் பல லிட்டர் கொட்டும். எம்க்யூஎல்லோ மணிக்கு 10 முதல் 100 மில்லிலிட்டர் எண்ணெயை அழுத்தக் காற்றோடு நுண்துளிகளாகத் தெளிக்கும். வெப்பத்தை வாரிக்கொண்டு போவதில் தண்ணீரை வெல்ல முடியாதென்பது தெரிந்ததே. ஆனால் மில்லிங்கில் ஒவ்வொரு பல்லும் உலோகத்துக்குள் காய்ந்து வெளியே வந்தவுடன் கூலண்டில் திடீரெனக் குளிர்வதால், கார்பைடு இன்சர்ட்டின் (வெட்டியில் மாட்டும் கடினமான வெட்டுத்துண்டு) முனைக்குச் செங்குத்தாக வரிசை வரிசையாக விரிசல் விழுகிறது. கடின எஃகில் இன்சர்ட் பாதி ஆயுளைத் தாண்டாததற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இன்சர்ட் செலவைக் காட்டிலும் கூலண்ட் டேங்கின் பராமரிப்புதான். எமல்ஷனின் செறிவை 5 முதல் 8 சதவீதத்துக்குள்ளும், பிஹெச் அளவை 9-ஐ ஒட்டியும் வைத்திருக்க செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் கையுமாக ஒருவர் நிற்க வேண்டும். வெயிலில் தண்ணீர் மட்டும் ஆவியாகி, உப்பு டேங்கிலேயே தங்கும். அதன்மேல் போர்வெல் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் நீரின் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் எண்ணெயும் நீரும் பிரிந்துவிடும். இதற்கிடையில் இயந்திரத்தின் நகரும் தடங்களுக்கு இடும் ஸ்லைடுவே ஆயில் கசிந்து மேலே ஆடையாகப் படிந்து காற்றைத் தடுக்க, ஞாயிற்றுக்கிழமை பம்ப் ஓடாமல் கிடக்கும் டேங்கில் காற்றில்லாமல் வளரும் பாக்டீரியாக்கள் பெருகி, திங்கட்கிழமை காலை ஷெட்டைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வீசும். கெட்டுப்போன கூலண்டைச் சாக்கடையில் விட முடியாது. பயன்படுத்திய எண்ணெயும் எண்ணெய் கலந்த கழிவும் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் பட்டியலில் வருபவை என்பதால், 90 நாளுக்கு மேல் பட்டறையில் வைத்திராமல், அனுமதி பெற்றவரிடம் கணக்குடன் ஒப்படைத்தாக வேண்டும். எம்க்யூஎல்லில் டேங்கே இல்லையென்பதால் இந்தத் தலைவலிகளில் பெரும்பகுதி இல்லை. வெட்டி விழும் உலோகச் சீவலும் ஏறக்குறைய உலர்ந்தே விழுவதால், பழைய இரும்பு வாங்க வருபவர் ஈரத்துக்கென்று எடையில் கழிப்பதில்லை.

எம்க்யூஎல்லுக்கும் தொல்லைகள் உண்டு. கம்ப்ரஸர் மின்கட்டணம் கண்ணில் படாமல் ஏறும். காற்றில் நீர் கலந்து வந்தால் தெளிப்பு கெடும். நாசில் சற்றே விலகினாலும் எண்ணெய் வெட்டுமுனைக்குப் போய்ச் சேராது. புகையுறிஞ்சி இல்லாமல் இதைப் பொருத்தக் கூடாது, ஏனெனில் அந்த நுண்துளிகள் ஆபரேட்டரின் நுரையீரலுக்குத்தான் போகும். தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் உலோகத்தை நன்றாகப் பற்றிக்கொள்ளும் என்பது உண்மையே, ஆனால் சமையல் எண்ணெயை ஊற்றிச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம்: சூரியகாந்தி எண்ணெய் நாளடைவில் பிசினாகிக் குழாயை அடைக்கும், தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், அதற்குக் கோவையின் மார்கழி விடியலே போதும். தாவர எண்ணெயிலிருந்து இதற்கென்றே தயாரிக்கப்படும் எஸ்டர் எண்ணெய்தான் சரிப்படும். விலை கூடுதலானாலும் செலவாகும் அளவு சொற்பம். இன்னொன்று, வேலைப்பொருளில் சூடு தங்கும். 100 மில்லிமீட்டர் எஃகு 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 11 மைக்ரான் விரியும் என்பதால், கடைசி ஃபினிஷிங் கட்டுக்கு முன் ஆறவிட்டே அளவெடுக்க வேண்டும்.

வெட்டுமுனையைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜனை நாங்கள் பயன்படுத்தியதில்லை. வெளியில் பார்த்ததோடு சரி. கழிவே மிச்சமில்லாமல் காற்றில் கலந்துவிடும் என்பது அதன் பெரிய கவர்ச்சி. வெப்பத்தை எளிதில் கடத்தாத டைட்டானியம், இன்கோனல் (நிக்கல் கலப்புலோகம்) போன்றவற்றையே நாள்தோறும் வெட்டுபவர்களுக்கு மைனஸ் 196 டிகிரிக் குளிர்ச்சி பயன்படலாம். ஆனால் இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொள்கலனிலிருந்து அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஒரு லிட்டர் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரிவதால், மூடிய ஷெட்டில் ஆக்சிஜன் குறையும் அபாயமும் உண்டு. ஆர்டர் வந்தால் ஓடி, வராவிட்டால் நிற்கும் சிறு பட்டறைக்கு இது கட்டாது.

ஆழத் துளையிடுவதற்கும் கிரைண்டிங்குக்கும் எமல்ஷனையே இன்னமும் வைத்திருக்கிறோம். ஆழத் துளையில் சீவலை வெளியே தள்ள எம்க்யூஎல்லின் காற்று போதவில்லை. கிரைண்டிங்கிலோ, கூலண்ட் குறைந்தால் எஃகின் மேற்பரப்பு கருகிவிடும்.