பாலிஷர் பெட்டிக்குள் கிரைண்டர்: கார் பாலிஷ் மிஷின் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். வாசலில் நிற்கிற வண்டியைக் காலையில் தொட்டால் கை பிசுபிசுக்கும். என்னுடையது 2004 மாடல் மாருதி ஜென், கருநீலம். உப்பும் வெயிலும் சேர்ந்து பானெட்டைச் சாம்பல் பூக்க வைத்துவிட்டன. தங்கச்சி மகள் காதுகுத்துக்குள் வண்டியைப் பளபளப்பாக்கணும் என்று பட்டறையில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன கூலிக்கு மிஷினையே வாங்கிவிடலாமே என்று தோன்றியது. சனி பிடித்தது அங்கேதான்.

ஒன்றும் தெரியாமல் கடைக்குப் போகவில்லை. ரோட்டரி என்பது ஒரே மையத்தில் சுற்றுகிற மிஷின். நிமிடத்துக்கு 600 முதல் 3,000 சுற்று வரை வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கை பழகிய பெயிண்டர்களுக்கு அது சரி. டூயல் ஆக்‌ஷன் என்பது சுற்றிக்கொண்டே மையம் விலகி ஆடுவது. பெரும்பாலான மிஷின்களில் பலமாக அழுத்தினால் சுற்று நின்றுபோகும், அதனால் பெயிண்ட் எரிவது அபூர்வம். முதல்முறை கை வைக்கிறவனுக்கு இதுதான் பத்திரம் என்பது வரை தெரிந்துதான் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

"டூயல் ஆக்‌ஷன் இருக்கா தம்பி?"

"இருக்குண்ணே. சிக்ஸ் ஸ்பீடு. எல்லாரும் இதத்தான் எடுத்துட்டுப் போறாக."

2,350 ரூபாய். பெட்டி மேலே பெரிதாக ஸ்டிக்கர். பிளக்கில் சொருகி ஓட்டிக் காட்டினான், ஓடியது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா கூட வரும்ணே" என்று எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தான். நானும் வாங்கிக்கொண்டேன். அந்த முட்டாள்தனத்துக்கு நான் மட்டும்தான் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை இரண்டு தண்ணீர் விட்டுக் கழுவினேன். நம் பக்கம் மணல் ஒட்டியிருக்கிற வண்டியில் அப்படியே பாலிஷ் போட்டால், உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான் ஆகும். காயவிட்டு, ஸ்பான்ஞ்சில் காம்பவுண்டை, அதாவது பாலிஷ் போடுகிற பசையை, தடவி சுவிட்சைத் தள்ளினேன். காம்பவுண்ட் முழுக்க என் சட்டையிலும் சுவரிலும். வேகத்தைக் குறைக்கலாம் என்று திருகைத் தேடினால், திருகே இல்லை! தட்டுத்தடுமாறி பானெட் ஓரத்துக்கு வருவதற்குள் கருகல் வாடை. எடுத்துப் பார்த்தால் இரண்டு விரல் அகலத்துக்கு நீலம் போய் அடிப்பூச்சான பிரைமர் சாம்பலாகத் தெரிகிறது.

தெருக்கோடி பெயிண்டர் அண்ணன் வந்து மிஷினைப் புரட்டி, அடியிலிருந்த தகட்டைப் படித்தார். நிமிடத்துக்கு 11,000 சுற்று. "இது இரும்பு அறுக்குற நாலு இஞ்சு கிரைண்டர்டா. மூஞ்சில ஸ்பான்ஞ்ச மாட்டி வித்துருக்காக." ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினோம். அடியில் கட்டிங் வீல் படம் அழகாக அச்சாகியிருந்தது. அண்ணன் ஸ்பான்ஞ்சு பிய்ந்து முகத்தில் அடிக்காமல் விட்டதே பெரிசு என்றார். நிறத்துக்கு மேலே அடிக்கிற நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் மொத்தமே 40, 50 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் சுமார் இருபதில் ஒரு பங்கு. ஓரங்களில் அதுவும் இருக்காது. ரோட்டரி பிடிக்கிறவர்களே ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்களாம்.

மிஷினைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "யூஸ் பண்ணிட்டீகளே, எப்படி எடுக்குறது?" யூஸ் பண்ணாமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அடுத்த ஆளுக்கு டிரில் பிட் எடுக்கப் போய்விட்டார்.

நீங்கள் வாங்கப் போனால் ஸ்டிக்கரை நம்பாதீர்கள், அடித்தகட்டைப் பாருங்கள். 11,000 என்று இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்பான்ஞ்சு மாட்டுகிற தட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் வட்டமாக நகர்த்திப் பாருங்கள். தட்டின் நடுப்புள்ளி இடம் மாறாமல் பம்பரம் போல நின்ற இடத்திலேயே சுற்ற மட்டும் செய்தால், யார் என்ன சொன்னாலும் அது டூயல் ஆக்‌ஷன் இல்லை. விலகி விலகி ஆடணும். கூடவே உங்கள் வண்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஈரத் துணியில் துளி காம்பவுண்ட் வைத்துக் கையால் தேய்க்கும்போது துணியில் வண்டியின் நிறம் ஏறினால், மேலே கிளியர் கோட் இல்லாத பழைய பெயிண்ட். அதற்குப் பல நேரம் கைப் பாலிஷே போதும், மிஷின் செலவே வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். ஒழுங்கான பில் இல்லாததால் ஜிபே-யில் பணம் போன விவரமும் அந்தப் பெட்டியும்தான் என் கையில் இருக்கிற சாட்சி. அதற்குள் படகு வெல்டிங் வேலை பார்க்கிற மச்சான், "சும்மாதான கெடக்கு, கிரைண்டரத் தாங்க" என்று இரண்டு முறை வந்து கேட்டுவிட்டான். கொடுக்கவில்லை, பரண் மேல் இருக்கிறது. காதுகுத்துக்குப் பஸ்ஸில்தான் போய் வந்தோம்.