பார்சல் தாங்குகிற இனிப்பு

வேலூர் சத்துவாச்சாரியில் ஆற்காடு சாலையை ஒட்டிப் புதிதாக வந்திருக்கும் குனாஃபா (மெல்லிய மாவு இழைக்கு நடுவே சீஸ் வைத்துச் சிவக்க வைத்து, பாகு ஊற்றும் அரபு இனிப்பு) கடையைப் பற்றி என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போங்கள், அங்கேயே உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுங்கள், வீட்டுக்குப் பார்சல் மட்டும் வாங்காதீர்கள். கடை தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு எந்தக் கடை என்று தெரிந்துவிடும். மாலை ஆறு மணிக்கு மேல் வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்காது.

நான் வீட்டிலிருந்தபடியே ஆர்டருக்கு இனிப்பு செய்து கொடுப்பவள். சீமந்தம், காதுகுத்து, நிச்சயதார்த்தம் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். எந்த இனிப்புக் கடைக்குள் நுழைந்தாலும் என் கண் நேராகப் பாகுப் பாத்திரத்துக்குத்தான் போகும். பாகு சரியில்லாத கடையில் வேறு எது நன்றாக இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பாது.

இந்தக் கடையில் பாகு சரியாக இருக்கிறது. அடுப்புப் பக்கம் நின்று முழுவதையும் பார்த்தேன். கையகல அலுமினியத் தட்டில் நெய் தடவி, சேமியாவை விட மெல்லிய மாவு இழையைப் பிய்த்துப் பரப்புகிறார்கள். மேலே துருவிய மொசரெல்லா சீஸ், அதன் மேல் இன்னொரு அடுக்கு இழை. அடுப்பில் நிற்கும் இளைஞர் இடுக்கியால் தட்டைப் பிடித்துச் சிறு தீயில் சுற்றிக்கொண்டே இருக்கிறார். விளிம்பில் நெய் குமிழிட்டு அடங்கியதும் இன்னொரு தட்டை மேலே கவிழ்த்து ஒரே புரட்டு. பொன்னிறமாகச் சிவந்த அடிப்பக்கம் மேலே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் ஒரு குழிக்கரண்டிப் பாகு. அது ஆறிய பாகாக இருக்க வேண்டும். இரண்டுமே சூடாக இருந்தால் இழை குழைந்து கூழாகிவிடும். இவர்கள் பாகைத் தனியே ஆறவைத்திருக்கிறார்கள்; ஊற்றியதும் ‘சுர்’ என்று சத்தம் கேட்கிறது. பதமும் விரலில் ஒட்டும் பிசுக்குப் பதம். கம்பிப் பதத்துக்குப் போயிருந்தால் ஆறியதும் இழையின் மேல் சர்க்கரை பூத்துவிடும். எலுமிச்சையும் பன்னீரும் அளவாக இருக்கின்றன. இதை எல்லாம் யாரோ அந்தப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மனம் நிறைந்தது.

தட்டு 180 ரூபாய். இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். மேல் இழை மொறுமொறுவென்று, உள்ளே சீஸ் நூலாக இழுபட்டு, நெய் வாசனையோடு முதல் பத்து நிமிடம் அருமையாக இருக்கிறது. குனாஃபாவுக்குப் பேர்போன ஊர் பாலஸ்தீனத்தின் நாப்ளஸ். அங்கே உப்பிட்ட வெள்ளைப் பாலாடைக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுப் பயன்படுத்துவார்கள். நம் பக்கத்துக் கடைகளில் அந்த இடத்தில் மொசரெல்லா வருகிறது. சூட்டில் நீளும், ஆறினால் ரப்பர். குறை தொடங்குவது இங்கேதான். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆவி உள்ளேயே தங்கி இழை நமுத்துவிட்டது, சீஸ் இறுகிவிட்டது. என் மாமியார் ஒரு வாய் மென்று பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

இன்னொரு குறை மேலே தூவும் பச்சைத் தூள். ‘இது முழுக்கப் பிஸ்தாவா தம்பி?’ என்று கடைக்காரரையே கேட்டேன். ‘இல்லை அக்கா, பாதிக்கு மேல் முந்திரிதான். பிஸ்தா வாங்கிக் கட்டுப்படியாகவில்லை’ என்று மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மையை மதிக்கிறேன். அவர் சொன்னதும் பொய்யில்லை. துபாயில் ஃபிக்ஸ் என்ற நிறுவனம் குனாஃபா இழையும் பிஸ்தா விழுதும் அடைத்த சாக்லேட்டை விற்றது. 2023 கடைசியில் ஒரு காணொளி உலகம் முழுக்கப் பரவி, 2025-இல் பிஸ்தா விலையே ஏறிப்போனது. சத்துவாச்சாரியில் ஒருவர் தூளில் முந்திரி கலப்பதற்குக் காரணம் அங்கே இருக்கிறது. ஆனாலும் விலைப்பட்டியலில் பிஸ்தா குனாஃபா என்று எழுதிவிட்டு முந்திரியைத் தூவக் கூடாது. முந்திரி என்றே எழுதட்டும். நம் ஊர்க்காரர்கள் முந்திரியை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

இதே ஷட்டருக்குள் முன்பு வாஃபிள் கடை இருந்தது. அதற்கும் முன்பு ஐஸ்கிரீம் ரோல். குளிர்ந்த இரும்புத் தகட்டில் பாலை ஊற்றி, இரண்டு கரண்டியால் ‘டக் டக்’ என்று கொத்திச் சுருட்டித் தருவார்களே, அதுதான். குழந்தைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கத்திரி வெயிலில் வேலூர் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர். சுருள் கிண்ணத்தில் விழுந்து படம் எடுப்பதற்குள் பால் ஆகிவிடும். வாஃபிள் இன்னும் சீக்கிரம் போனது. சூட்டில் மொறுமொறு, ஐந்து நிமிடத்தில் தொளதொள. காட்பாடிப் பக்கம் திறந்த பபுள் டீ கடைகளிலும் பழைய கூட்டம் இல்லை. மந்தி என்ற அரபு இறைச்சிச் சோற்றைப் பெரிய தட்டில் வைத்து, சுற்றி ஆறு பேர் உட்காரும் கடைகள் சில தாக்குப்பிடிக்கின்றன, சில இடத்தைக் காலி செய்துவிட்டன. பக்கத்திலேயே ஆம்பூரும் வாணியம்பாடியும் சீரகச் சம்பாவில் பிரியாணி போடும்போது அவர்கள் பாடு கடினம்தான்.

சில மோகங்கள் போனதில் எனக்கு முழு நிம்மதி. பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததைக் கண்டுபிடித்து 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதற்குத் தடை போட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், வாயில் போட்டால் மூக்கில் புகை வரும் ஸ்மோக் பிஸ்கட். கர்நாடகத்தின் தாவணகெரேயில் ஒரு சிறுவன் அதைத் தின்றுவிட்டு வலியில் துடித்த காணொளி வந்த பிறகுதான் நம் உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விடுத்தது. அந்தப் புகைக்காக ஊற்றும் திரவ நைட்ரஜன் கொதிப்பதே மைனஸ் 196 டிகிரியில். அதைக் கிண்ணத்தில் ஊற்றிக் குழந்தை கையில் கொடுத்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. தின்னும் பொருளில் வேடிக்கை காட்டலாம், விளையாடக் கூடாது.

ஆனால் ரோலும் வாஃபிளும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. அவை ஏன் போயின என்று யோசித்தால் எனக்கு ஒரே பதில்தான் கிடைக்கிறது. வேலூர் வந்து போகிறவர்களின் ஊர். சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வருகிறார்கள், வி.ஐ.டி.க்குப் படிக்க வருகிறார்கள், ஸ்ரீபுரத்துக்குத் தங்கக் கோயில் பார்க்க வருகிறார்கள். எல்லோரும் ஒரு நாள் காட்பாடியில் ரயில் ஏறப் போகிறவர்கள். கையில் ஏதாவது வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். இந்த ஊரில் ஓர் இனிப்பு நிலைக்க வேண்டுமானால் அது பை ஏறி, பஸ் ஏறி, ஊர் போய்ச் சேர்ந்து, மறுநாள் பாட்டி வாயில் போகும்வரை தாங்க வேண்டும். கடை வாசலில் பிறந்து கடை வாசலிலேயே முடிந்துவிடும் பண்டத்துக்கு உள்ளூர் ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தால்தான் உண்டு. வி.ஐ.டி.யைச் சுற்றியுள்ள கடைகளுக்கு அதுவும் கிடையாது. மே மாதம் பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டால் வாடகை மட்டும் நிற்காமல் ஓடும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் அம்மாவின் வளையலை அடகு வைத்து வாஃபிள் இயந்திரம் வாங்கினான். இரண்டாவது கோடை விடுமுறையைத் தாண்ட முடியவில்லை. இயந்திரம் இன்னும் அவர்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

காந்தி ரோட்டுச் சாப்பாட்டுக் கடைகளின் கதை வேறு. சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அவர்களுக்காக வங்காள எழுத்தில் பலகை, கடுகெண்ணெயில் மீன் குழம்பு, மண்சட்டியில் தயிர். அலங்காரம் ஒன்றுமில்லை. நோயாளிக்குக் கஞ்சி வேண்டும் என்றால் கேட்ட நேரத்தில் வைத்துக் கொடுப்பார்கள். 2020 மார்ச்சில் ரயில் நின்றபோது அந்தத் தெருவே அடைத்துக் கிடந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்தவர்க்கு விசா கிடைப்பது குறைந்தபோது மறுபடியும் அடி விழுந்தது. டாக்காவில் ஆட்சி மாறினால் காந்தி ரோட்டில் மீன் குழம்பு குறைகிறது. ஒரு கடை மூடிவிட்டது என்றதும் சமையல் சரியில்லை என்று சொல்லிவிடுகிறோம். சமையல் நன்றாக இருந்தும் மூடியவர்கள் அந்தத் தெருவில் இருக்கிறார்கள்.

இனிப்புக்கு வருகிறேன். ஊர் தாண்டிப் போவதில் இந்தப் பக்கத்து ராஜா ஆற்காட்டு மக்கன் பேடாதான். நவாபு காலத்துப் பண்டம் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். சர்க்கரையில்லாத கோவாவும் மைதாவும் நெய்யும் சேர்த்து உள்ளங்கையால் தேய்த்துப் பிசைய வேண்டும். அழுத்திப் பிசைந்தால் கல்லாகிவிடும். உருண்டையைக் குழித்து, உடைத்த முந்திரி, பாதாம், பிஸ்தா, சாரைப்பருப்பு, வெள்ளரி விதை என்று பூரணம் வைத்து மூடி, லேசாகத் தட்டையாக்கி, எண்ணெய் காய்ந்தும் காயாத பக்குவத்தில் போட்டு நிதானமாகப் பொரிப்பார்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மேலே கருகி நடுவில் மாவு நிற்கும். பிறகு பாகில் ஊறல். நல்ல பேடாவைப் பிட்டால் ஓரம் கொஞ்சம் கெட்டியாகவும், உள்ளே போகப் போக மிருதுவாகவும், பாகு நடுப் பருப்புவரை இறங்கியும் இருக்கும். முதல் நாளை விட மறுநாள் அதிகச் சுவை. நான் சொல்லும் பார்சல் குணம் இதுதான். நேரம் ஆக ஆக இந்த இனிப்பு மெருகேறுகிறது.

அதற்கு ரீல்ஸ் யாரும் போட வேண்டியதில்லை. ஆற்காட்டில் பஸ் நிற்கும் நேரத்துக்குள் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு ஏறுகிறவர்களைப் பாருங்கள். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆற்காடு ராணிப்பேட்டைக்கும் ஆம்பூர் திருப்பத்தூருக்கும் போய்விட்டன. காகிதத்தில் எப்படிப் பிரித்தாலும் வேலூர் வீடுகளில் மாப்பிள்ளை வீட்டுச் சீர்த் தட்டுக்கு மக்கன் பேடா இன்னும் ஆற்காட்டிலிருந்துதான் வருகிறது.

இதைத்தான் குனாஃபா கடைத் தம்பியிடமும் சொன்னேன். சீஸ் வைத்ததைக் கடையிலேயே பரிமாறுங்கள். பார்சலுக்குச் சீஸ் வேண்டாம், பருப்பு வைத்துச் சுருட்டி, நன்றாகச் சிவக்க வைத்து, பாகைத் தனி டப்பாவில் கொடுங்கள் என்றேன். ஒரு தாளில் எழுதிக்கொண்டார். போன வாரம் நான்கு துண்டு செய்து வைத்திருந்து, ருசி பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். மறுநாள் காலையில் பாகை ஊற்றிச் சாப்பிட்டோம். மொறுமொறுப்பு அப்படியே இருந்தது. நெய்யை இன்னும் கொஞ்சம் கூட்டலாம். இன்னும் விலைப்பட்டியலில் ஏறவில்லை, கேட்டால் தருகிறார். அவர் இந்த மே மாதத்தைத் தாண்ட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆற்காட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊருக்குள் மக்கன் பேடா விற்கும் கடை பல உண்டு, எல்லாம் ஒன்றல்ல. முதலில் ஒன்றை மட்டும் வாங்கி அங்கேயே பிட்டுப் பாருங்கள். நடுவில் பருப்பு இல்லாமல் வெறும் மாவாக இருந்தாலோ, பாகு இறங்காமல் வெளுத்திருந்தாலோ அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். பிடித்திருந்தால் அட்டைப் பெட்டியில் உலர்வாக வாங்காமல் பாகோடு டப்பாவில் அடைத்துத் தரச் சொல்லுங்கள். வீட்டில் ஃபிரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து இறுகிவிடும். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும்.