அரிசிக்கு டன், தீப்பெட்டிக்கு அடி

வேலூர் பக்கம் புதிதாகச் சரக்கு அனுப்பத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "குட்டி யானை போதுமா, 407 சொல்லட்டுமா?" இரண்டும் டாடா சரக்கு வண்டிதான், 407 பெரியது. என்ன சரக்கு என்று தெரியாமல் இதற்குப் பதில் இல்லை.

ஆரணியிலிருந்து 25 கிலோ அரிசி மூட்டை ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டாடா ஏஸ், அதாவது நம்ம குட்டி யானை, தாங்குவது சுமார் 750 கிலோ. 30 மூட்டையோடு கணக்கு முடிந்தது. ஆனால் பாடியில் இடம் தாராளமாக இருக்கும். அந்தக் காலி இடம்தான் ஆளைக் கெடுப்பது. "இன்னும் பத்து போடுப்பா" என்று சொன்னவன் நான். வழியில் பின் டயர் வெடித்து, உச்சி வெயிலில் 40 மூட்டையையும் வேறு வண்டிக்கு மாற்றினேன். கொடுத்த கூலியில் இன்னொரு ட்ரிப்பே அடித்திருக்கலாம். டயரோடு தப்பித்தது என் நல்ல நேரம், மாட்டியிருந்தால் அபராதம் வேறு; 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000.

அதே 40 மூட்டையை அசோக் லேலண்ட் தோஸ்த் அலுங்காமல் கொண்டுபோகும். அது ஒன்றேகால் டன் வண்டி. வாடகை கொஞ்சம் கூடத்தான், ஆனால் ஒரே நடை. 407 என்றால் இரண்டு டன்னுக்கு மேல் போகலாம். தினமும் அவ்வளவு அரிசி விற்றால் சரி, இல்லையென்றால் காலி இடத்துக்கும் சேர்த்து டீசல் போட வேண்டியதுதான்.

குடியாத்தம் தீப்பெட்டி இதற்கு நேர் எதிர். பண்டல் அடுக்க அடுக்க வண்டி நிறையும், எடை ஏறாது. இங்கே டன் கணக்குப் பார்த்து 407 எடுத்தால், பாதிச் சரக்கு தரையில் நிற்கும். 14 அடி நீள ஐச்சர் லாரிதான் பொருத்தம், அதுவும் மூடிய பாடி. திறந்த பாடி என்றால், தார்பாயில் ஒரு கிழிசல் இருந்து மழை பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மொத்த வாடகை அதிகமாகத் தெரியும். பண்டலுக்கு வகுத்துப் பாருங்கள், குறைவாகத்தான் வரும்.

தோல் சரக்கில் இந்த இரண்டும் உண்டு. ராணிப்பேட்டையில் ஈரத்தோலாக ஏற்றும்போது டன் கணக்கு. அதே தோல் ஆம்பூரில் ஷூவாகிப் பெட்டிக்குள் போய்விட்டால் அடிக் கணக்கு, அதாவது எடையை விட்டு இடத்தைப் பார்க்க வேண்டும்.

பர்மிட், லைசென்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் சேர்த்து, 3,000 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்குப் பர்மிட் வேண்டாம். ஏஸும் தோஸ்தும் அதில் அடங்கும். 7,500 கிலோ வரை இலகுரக வண்டி லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. அதனால் 407க்கு டிரைவர் தேடி அலைய வேண்டியதில்லை.

இறக்குமிடத்தையும் பார்த்துவிடுங்கள். நேதாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு குட்டி யானையைத்தான் சொல்வேன். விடிந்த பிறகு அந்தச் சந்துக்குள் பெரிய வண்டியைத் திருப்புவது நடக்காது. வெளியே நிறுத்தினால் தலைச்சுமைக் கூலி தனி, அதற்குள் கத்திரிக்காயும் வாடிவிடும்.