சாம்பல் கலந்த மாடித்தளம், கல்தூள் கலந்த கார் நிறுத்துமிடம்: ஏழு வருட அனுபவம்

மதுரை பக்கம் நாகமலை புதுக்கோட்டையில் நாங்கள் வீடு கட்டியது 2017-இல். மாடித்தளத்துக்கு ஓபிசி 53 சிமென்டில் (சாம்பல் எதுவும் கலக்காத சாதாரண சிமென்ட்) 25 சதவீதத்தைக் குறைத்து, அதற்குப் பதிலாகத் தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த ரெடிமிக்ஸ், அதாவது ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் கான்கிரீட், வாங்கினோம். "அடுப்புச் சாம்பலையா அண்ணே தளத்துல போடுறது?" என்று கொத்தனாருக்கு ஒரே கவலை.

விஷயம் இதுதான். சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பு மிஞ்சும். அந்த மிச்சத்தால் வலு பெரிதாகக் கூடுவதில்லை. சாம்பலில் இருக்கும் சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு, சிமென்ட் தருகிற அதே பிடிமானத்தை உண்டாக்கும், நுண்துளைகளையும் அடைக்கும். ஆனால் மெதுவாக நடக்கும். நடுவில் ஈரம் காய்ந்தால் அதோடு நின்றுவிடும்.

அதனால் தண்ணீர் விடுவதில்தான் எல்லாமே இருக்கிறது. சாதாரண சிமென்டுக்கு ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி) குறைந்தது 7 நாள் கேட்கிறது, சாம்பல் கலந்தால் 10 நாள். சாம்பல் கலந்ததை 14 நாள் வரை நீட்டிக்கவும் பரிந்துரைக்கிறது. நாங்கள் போட்டது சித்திரையில். தளத்தின் மேல் பாத்தி கட்டி 21 நாள் தண்ணீர் நிறுத்தினோம். காலையில் நிரப்பினால் மதியத்துக்குள் பாதி வற்றிவிடும். லாரித் தண்ணீருக்கே நல்ல செலவு. முட்டுகளையும் பொறியாளர் சொன்னபடி ஒரு வாரம் கூடுதலாக விட்டுவைத்தோம். அவசர வேலைக்கு இது சரிப்படாது.

போன வருடம் சோலார் தகடு மாட்ட வந்த பையன் தளத்தில் துளை போட ரொம்பவே திணறினான். துளை விளிம்பைத் தடவிப் பார்த்தேன். கருஞ்சாம்பல் நிறத்தில், கருங்கல்லை அறுத்தது போல இருந்தது. ஏழு ஐப்பசி மழை பார்த்தாயிற்று, தளத்தின் அடிப்பக்கத்தில் ஒரு ஓதத் திட்டுகூட இல்லை. ஸ்லாக் சிமென்டில் (இரும்பாலைக் கசடு கலந்தது) கட்டிய சம்ப்பும் எங்கள் உப்பு போர் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு நன்றாகவே இருக்கிறது.

கார் நிறுத்தும் இடத்தில்தான் ஏமாந்தோம். மேலூர்ப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் கிரானைட் தூள் சும்மா கிடைத்தது. அதுவும் சாம்பல் மாதிரிதானே என்று ஐந்தில் ஒரு பங்கு சிமென்டைக் குறைத்துவிட்டோம். கிரானைட் தூள் சுண்ணாம்போடு சேராது, இடைவெளியை நிரப்பும், அவ்வளவுதான். இரண்டாம் வருடமே பெருக்கும்போதெல்லாம் வெளிறிய தூள் சேர ஆரம்பித்தது. இப்போது டயர் திரும்பும் இடத்தில் ஜல்லி தெரிகிறது. நகத்தால் சுரண்டினாலே உதிர்கிறது.

அப்புறம், சாம்பல் கலந்தே வரும் பிபிசி சிமென்ட் வாங்குகிறவர்கள் தனியாகச் சாம்பல் சேர்க்க வேண்டாம். அதில் 15 முதல் 35 சதவீதம் வரை ஏற்கெனவே இருக்கும், மூட்டையில் அளவைப் பார்க்கலாம்.

வருகிற தையில் அந்த இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி போடப் போகிறோம். இந்த முறை கல்தூளை மணலில் கொஞ்சத்துக்குப் பதிலாக மட்டும் சேர்ப்போம், சிமென்டில் கைவைப்பதில்லை. தண்ணீர் லாரிக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.