பினாங்கு–மேடான் விமானம்: சீட் பெல்ட்டைப் போட்டுக் கழற்றுவதற்குள்

பேராக்கின் சுங்கை சிப்புட்டிலிருந்து பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குக் காரில் போகும் நேரம்கூட ஆகாது, அங்கிருந்து இந்தோனேசியாவின் மேடான் போய் இறங்க. வான்வழியில் சுமார் 240 கிலோமீட்டர்தான். ஏறக்குறைய 50 நிமிடம். மேடான் நேரம் மலேசிய நேரத்துக்கு 1 மணி நேரம் பின்னால் என்பதால், புறப்பட்ட நேரத்துக்கே போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கும். அம்மா கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்!

மலிவு டிக்கெட்தான், சரி. ஆனால் முன் சீட்டில் முட்டி இடிக்கிறது, தண்ணீருக்கும் காசு. அப்புறம், மேடானின் குவாலானாமு விமான நிலையம் நகரத்தைவிட்டு நன்றாகத் தள்ளி இருக்கிறது. டாக்சிக்குப் பேரம் பேசி நிற்காமல் ரயிலைப் பிடியுங்கள். நகர ரயில் நிலையத்திலிருந்து, 1884-இல் கட்டிய மாரியம்மன் கோயில் அதிகத் தூரமில்லை. கைப்பையோடு போகிறவர்களுக்கு இந்த விமானம் தாராளம்; மூட்டை கட்டுகிறவர்கள் பெட்டிக் கட்டணத்தை முதலில் பாருங்கள்.